வைரவன் நெற்றி

ஆயர் ஈத்தாம், பினாங்கு
20 ஜூலை 2024

அன்புள்ள அக்காவுக்கு,

போன் அடித்துப் பார்த்தேன், நீங்கள் எடுக்கவில்லை. வாட்ஸ்அப்பில் அனுப்பியது ஒற்றை டிக்கோடு நிற்கிறது. என்னை முடக்கிவிட்டீர்கள் என்று மருமகன் அருணன்தான் சொன்னான். அதனால் தாளையும் பேனாவையும் எடுத்தேன். அறுபத்தோரு வயதில், ஃபெரி ஏறினால் கண்ணுக்குத் தெரிகிற பட்டர்வொர்த்துக்கு, சொந்த அக்காவுக்குத் தபால்தலை ஒட்டுகிறேன். தபால் நிலையப் பெண் முகவரியைப் பார்த்துவிட்டு என்னையும் ஒருமுறை பார்த்தாள்.

முதலில் நன்றி. போன சனிக்கிழமை என் சரித்திரப் பேச்சைக் கேட்க முட்டிவலியோடு அந்த மண்டபத்துப் படி ஏறி வந்தீர்கள். நான் பேசிய எந்தக் கூட்டத்துக்கும் நம் வீட்டிலிருந்து யாரும் வந்ததில்லை. நீங்கள் முன்வரிசையில் உட்கார்ந்ததும் எனக்குத் தலைகால் புரியவில்லை. அதனால்தானோ என்னவோ கொஞ்சம் அதிகமாகப் பேசிவிட்டேன்.

ஆனால் நான் பொய் எதுவும் சொல்லவில்லை, அக்கா. நில அளவை இலாகாவில் முப்பத்திரண்டு வருஷம் வரைபடம் வரைந்தவன் நான். ஓய்வுக்குப் பிறகு இரண்டு வருஷம் ஆவணக் காப்பகத்தில் பழைய பதிவேடுகளைப் பார்த்தேன். டத்தோ கெராமாட்டில் நம் பழைய வீடு இருந்த மனைக்கு முதலில் பதிவான பெயர் நம் முன்னோர் வைரவன். நம் குடும்பத்தில் எல்லோரும் அவரைத் துணி வியாபாரி என்றுதான் சொன்னோம். அவர் வியாபாரத்துக்கு வரவில்லை. மதராஸிலிருந்து கிழக்கிந்தியக் கும்பினிக்காரன் கப்பலில் ஏற்றி அனுப்பிய ஆயுள் கைதி. சதுப்பைத் தூர்த்து ரோடு போட்ட கும்பலில் ஒருவர். அப்படிப்பட்டவர்களுக்கு என்ன குற்றம் என்று நெற்றியிலேயே பச்சை குத்தி அனுப்புவார்கள். அதை மறைக்கத்தான் அவர்கள் தலைப்பாகையைப் புருவம் வரை இறக்கிக் கட்டினார்கள்.

நம் வீட்டு மாப்பிள்ளைகளுக்குத் தாய்மாமன் ஏன் அப்படிக் கட்டுகிறான் என்பது எனக்கு அங்கேதான் புரிந்தது. அதைச் சொல்லத்தான் அப்பா கல்யாணப் படத்தைத் திரையில் போட்டேன். "பாருங்கள், எங்கள் அப்பா யாருக்குப் பயந்து ஒளிந்துகொண்டிருக்கிறார்?" என்று கேட்டது விளையாட்டாக. கூட்டம் சிரித்தது. அடுத்த படம் வருவதற்குள் உங்கள் நாற்காலி காலி.

அருணன் கல்யாணம் செப்டம்பர் எட்டு. அதற்குள் பேசிவிடுவோம். நான்தானே தலைப்பாகை கட்ட வேண்டும்.

தம்பி
லோகேஸ்வரன்


பாகான் லுவார், பட்டர்வொர்த்
27 ஜூலை 2024

லோகு,

கடிதம் கிடைத்தது. கையெழுத்து எப்போதும்போல முத்து முத்தாக இருக்கிறது. புத்திதான் அப்படி இல்லை.

அந்தப் படத்தை நான் எதற்குக் கொடுத்தேன்? அலமாரியில் பூச்சி அரிக்கிறது, கம்ப்யூட்டரில் ஏற்றி வைக்கிறேன் என்று கேட்டாய். கொடுத்தேன். நூறு பேர் டீ குடித்துக்கொண்டு அப்பாவைப் பார்த்துச் சிரிப்பதற்குக் கொடுக்கவில்லை. பின்வரிசையில் ஒருத்தி, "ஐயோ பாவம், கண்ணே தெரியல லா" என்றாள். எனக்குக் கேட்டது. உனக்கு மைக் சத்தத்தில் கேட்டிருக்காது.

மல்லாந்து படுத்துக்கொண்டு எச்சில் துப்பினால் எங்கே விழும்? மறுநாள் பேப்பரிலும் வந்துவிட்டது. பிரஷாந்தி வீட்டார் யார் என்று உனக்குத் தெரியும். யாழ்ப்பாணத்துக் குடும்பம். தாத்தா கந்தப்பு துறைமுக ஆபீஸில் கணக்கு எழுதும் பெரிய கிராணியாக இருந்தவர். அப்பா டாக்டர். கந்தப்பு ஐயாவின் தாத்தா காலத்து வேலை உத்தரவையே கண்ணாடி போட்டுச் சுவரில் மாட்டியிருக்கிற வீடு அது. அந்த வீட்டுப் பெண்ணை, ஜூருவில் கார் சர்வீஸ் சென்டரில் வேலை பார்க்கிற என் மகனுக்குக் கேட்கவே நூறு தடவை யோசித்தேன். இப்போது நீ வேறு, கைதி வம்சம் என்று மைக் வைத்துச் சொல்லிவிட்டாய். ஊர் வாயை மூட உலைமூடி கிடையாது.

நீ கல்யாணத்துக்கு வர வேண்டாம். பெரியப்பா மகன் சுப்பையாவைத் தாய்மாமன் முறை செய்யச் சொல்லியிருக்கிறேன். அழைப்பிதழில் அவன் பெயர்தான் அச்சாகிறது.

குமுதா வந்தால் வரட்டும். உன் பெண்டாட்டி என்ன பாவம் செய்தாள்?

அக்கா


ஆயர் ஈத்தாம்
2 ஆகஸ்ட் 2024

அக்கா,

உங்கள் கடிதத்தைக் குமுதா முதலில் படித்தாள். படித்துவிட்டு, "ஒங்களுக்கு வேணும்" என்று சொல்லி என் கையில் கொடுத்தாள்.

படத்தைக் கேட்காமல் போட்டது தப்பு. மன்னித்துவிடுங்கள். காப்பகத்தில் ஹபீபா பீவி என்று ஓர் அம்மா வேலை பார்க்கிறார். பதிவேடுகளை எடுத்துத் தருவது அவர்தான். ஒரு காகிதத்தை நகல் எடுக்க வேண்டுமென்றால்கூட மூன்று கையெழுத்து வாங்குவார். யாரோ ஒரு வெள்ளைக்காரன் எழுதிய கணக்குக்கு அத்தனை அனுமதி கேட்டவன், அப்பா முகத்துக்கு உங்களிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. வீட்டுப் பொருள்தானே என்று நினைத்துவிட்டேன்.

ஆனால் வைரவனைப் பற்றிச் சொன்னதற்கு மட்டும் என்னால் வருத்தப்பட முடியவில்லை. பதிவேட்டில் அவர் பெயர் இருந்த வரிசையைக் கண்ட நாளைச் சொல்கிறேன். பெயர், தகப்பன் பெயர், ஊர், குற்றம், தண்டனை, உயரம், அங்க அடையாளம் என்று கட்டம் கட்டமாக இருந்தது. குற்றம்: கொள்ளை. என்ன கொள்ளை, பசியிலா, கெட்ட சகவாசத்திலா, எதுவும் இல்லை. உயரம் ஐந்தடி மூன்று அங்குலம். அங்க அடையாளத்தில் நெற்றி, அப்புறம் இடது காதில் ஒரு வெட்டு. எனக்கு முன்னால் யாரும் அவர் காதைப் பற்றி இருநூறு வருஷமாக நினைத்திருக்க மாட்டார்கள். எனக்கு அழுகை வந்துவிட்டது. ஹபீபா பீவி மின்விசிறியைக் கொஞ்சம் குறைத்துவிட்டுப் போனார், தாள் பறக்கிறது என்று.

அந்த மனிதர் இருபத்து மூன்று வருஷம் மண் சுமந்து, விடுதலையான பிறகும் ஊர் திரும்பாமல், இங்கேயே ஒரு மனை வாங்கி ஒரு பெண்ணைக் கட்டியதால்தான் நீங்களும் நானும் இருக்கிறோம். எனக்கு அவர்மேல் நன்றி மட்டும்தான் இருக்கிறது.

உங்கள் கோபம் பெரிது, நியாயமும் இருக்கிறது. ஆனாலும் எனக்கு ஒன்று விளங்கவில்லை. இருநூறு வருஷத்துக்கு முந்திய ஆளுக்காக, உயிரோடு இருக்கிற தம்பியை அருணன் மணவறையிலிருந்து தள்ளி வைப்பீர்களா? அவன் பிறந்தபோது அத்தானுக்கு முன்னால் அவனைக் கையில் வாங்கியவன் நான். சுப்பையா நல்லவன்தான். ஆனால் இந்த ஒன்றை மட்டும் என்னிடமிருந்து எடுத்துவிடாதீர்கள்.

லோகு


பாகான் லுவார்
10 ஆகஸ்ட் 2024

லோகு,

விளங்கவில்லை என்கிறாய். விளங்க வைக்கிறேன். இதை எழுதுவதற்குள் மூன்று தாளைக் கிழித்துவிட்டேன்.

வைரவன் யார் என்று எனக்கு நாற்பத்தாறு வருஷமாகத் தெரியும். நீ இரண்டு வருஷம் கண்ணைக் கெடுத்துக்கொண்டு கண்டுபிடித்ததை, என்னிடம் கேட்டிருந்தால் ஒரு கோப்பை காப்பி ஆறுவதற்குள் சொல்லியிருப்பேன். நீ கேட்கவில்லை. ஸ்கூல் கேண்டீன் நடத்திய அக்காவுக்குச் சரித்திரம் என்ன தெரியும் என்று நினைத்திருப்பாய்.

1978-ல் எனக்கு அலோர் ஸ்டாரில் மாப்பிள்ளை பார்த்தார்களே, ஞாபகம் இருக்கிறதா? பரிசம் போட்டாகிவிட்டது. ஜாதகம் சரியில்லை என்று நின்றுபோனதாக உனக்குச் சொன்னார்கள். ஜாதகம் எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. அவர்கள் வீட்டுப் பெண்கள் இரண்டு பேர் தாம்பூலத் தட்டைத் திருப்பிக் கொண்டுவந்தார்கள். நான் திரைக்குப் பின்னால் நின்றிருந்தேன். ஒருத்தி அம்மாவிடம், "சங்கிலி வீட்டுப் பொண்ணாமே? மொதல்லயே சொல்லியிருக்கலாம்ல" என்றாள். நான் கட்டியிருந்தது அவர்கள் எடுத்துக் கொடுத்த சேலை. அதையும் மடித்துத் தரச் சொல்லி வாங்கிக்கொண்டு போனார்கள்.

அன்றைக்குத்தான் அப்பா என்னை உட்கார வைத்து எல்லாம் சொன்னார். நெற்றியைச் சொன்னார், கைதி காலில் மாட்டிய சங்கிலியைச் சொன்னார், தலைப்பாகையைச் சொன்னார். அவருக்கு அவர் அப்பா சொன்னதாம். சொல்லி முடித்துவிட்டு, "தம்பிக்குத் தெரிய வேணாம்மா. சோதனை எழுதப் போறவன். கோவக்காரன். அலோர் ஸ்டாருக்குப் போய்ச் சண்டை போடுவான்" என்றார். நான் தலையாட்டினேன். அப்பா போன பிறகும் அந்தத் தலையாட்டலை நான் காப்பாற்றினேன்.

அதன் பிறகு ஒன்பது வருஷம் என்னை யாரும் பெண் பார்க்க வரவில்லை. முப்பது வயதில் உன் அத்தான் வந்தார். கல்யாணத்துக்கு முன்னாலேயே அவரிடம் சொல்லிவிட்டேன். "அவ்ளோதானா? நான் என்னமோன்னு நெனச்சேன்" என்றார். அந்த ஒரு வார்த்தைக்காக அவருக்கு இருபத்தாறு வருஷம் சமைத்துப் போட்டேன். இன்னொரு இருபத்தாறு வருஷமும் போட்டிருப்பேன், அவர் இருந்திருந்தால்.

அன்றைக்கு மண்டபத்தில் அப்பா படத்தைப் பார்த்து எல்லோரும் சிரித்தபோது, எனக்கு அந்தத் திரைக்குப் பின்னால் நின்றதுபோல இருந்தது. இப்போது விளங்குகிறதா? எனக்கு நடந்தது என் மகனுக்கும் நடந்துவிடுமோ என்று தினமும் காலையில் பயந்துகொண்டு எழுந்திருக்கிறேன்.

அக்கா


ஆயர் ஈத்தாம்
15 ஆகஸ்ட் 2024

என் அன்பான அக்கா,

எப்படித் தொடங்குவது என்று தெரியவில்லை. நீங்கள் ஒன்றை ஒப்புக்கொண்டீர்கள், நானும் ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். அந்தக் கல்யாணம் நின்றபோது எனக்குச் சந்தோஷமாக இருந்தது. பதினைந்து வயது. நீங்கள் போய்விட்டால் எனக்குக் கணக்குச் சொல்லித்தர யாரும் இருக்க மாட்டார்கள் என்று பயந்துகொண்டிருந்தேன். நிச்சயத்துக்குச் செய்த அதிரசம் டின் டின்னாக மீந்துபோனது. அதை நான்தான் ஒரு வாரம் உட்கார்ந்து தின்றேன். நீங்கள் எதிரே உட்கார்ந்து எனக்குப் பின்னக் கணக்குப் போட்டுக் காட்டினீர்கள். உங்கள் முகத்தை நான் ஒருதரம்கூட நிமிர்ந்து பார்க்கவில்லை.

நான் சரித்திரம் படிக்கிறவன் என்று சொல்லிக்கொள்ள வெட்கமாக இருக்கிறது, அக்கா. என்னைக் காப்பாற்றியதற்கு நன்றி. அப்பா சொன்னது சரி. நான் அலோர் ஸ்டாருக்குப் போயிருப்பேன், சோதனையைக் கோட்டை விட்டிருப்பேன், வரைபடம் வரைகிற வேலையும் கிடைத்திருக்காது.

இப்போது நான் செய்யப்போவதைச் சொல்கிறேன். என் புத்தகம் அச்சுக்குப் போகத் தயாராக இருக்கிறது. நாலாம் அத்தியாயம் வைரவனைப் பற்றியது. அதை எடுத்துவிடுகிறேன். படத்தின் நகலையும் அழித்துவிட்டேன். கல்யாணத்துக்கும் வர மாட்டேன். சுப்பையா கட்டட்டும். முன்னால் இரண்டு மடிப்பு, பின்னால் ஒரு முடிச்சு, அவ்வளவுதான் என்று அவனிடம் சொல்லுங்கள். புத்தகத்தில் நன்றி சொல்கிற பக்கத்தில் மட்டும் உங்கள் பெயரைப் போட விடுங்கள். காரணம் எழுத மாட்டேன்.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். இத்தனை நாள் சொல்லாமல் இருந்தது என் கோழைத்தனம். அன்றைக்குக் கூட்டத்தில் கந்தப்பு ஐயா இருந்தார். மூன்றாம் வரிசை. கடைசிவரை கேட்டார். முடிந்ததும் என்னிடம் வந்து, என் பேச்சின் பிரதி ஒன்று வேண்டும் என்றார். கொடுத்தேன். அதை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு ஒன்றும் சொல்லாமல் போய்விட்டார். அந்த வீட்டுக்கு எல்லாம் தெரியும், அக்கா. உங்களை எச்சரிக்காமல் விட்டதற்கு என்ன சொல்வது?

லோகு


பாகான் லுவார்
23 ஆகஸ்ட் 2024

லோகு,

உன் கடிதம் செவ்வாய்க்கிழமை வந்தது. படித்துவிட்டு, அருணனிடம்கூடச் சொல்லாமல் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். புதன்கிழமை காலை பத்து மணிக்கு வாசலில் கார் நின்றது. கந்தப்பு ஐயா. எண்பத்தாறு வயது, தனியாகவே உள்ளே வந்தார். பேரனை ஓட்டச் சொல்லிக் காரிலேயே இருக்க வைத்துவிட்டார்.

தட்டைத் திருப்பத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்தேன். சத்தியமாக லோகு, அவர் கையைத்தான் முதலில் பார்த்தேன். கையில் நம் அழைப்பிதழ் இருந்தது.

உட்கார்ந்தார். சீனி இல்லாத காப்பி கேட்டார். பிறகு அழைப்பிதழை விரித்து, "பிள்ளை, தாய்மாமன் எண்டு சுப்பையாவின்ட பேர் கிடக்கு. உம்மட தம்பியார் எங்கை?" என்றார்.

நான் என்னென்னவோ சொன்னேன். வேலை, உடம்பு, அது இது. அவர் கேட்டுக்கொண்டே இருந்தார். கடைசியில் எனக்கே அலுத்துப்போய், உள்ளதைச் சொல்லிவிட்டேன். அந்தப் பேச்சு உங்கள் காதுக்கு வந்திருக்கும், உங்களுக்கு மனசில்லை என்றால் இப்போதே சொல்லிவிடுங்கள், மண்டபம் பிடித்தது போனால் போகட்டும் என்றேன்.

அவர் சட்டைப்பையிலிருந்து உன் பேச்சை எடுத்து மேசையில் வைத்தார். மடித்து மடித்து ஓரம் கிழிந்திருந்தது. அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"என்ட அப்பப்பா கையில வேலைக் கடுதாசியோட இஞ்ச வந்து இறங்கினவர், பிள்ளை. கப்பல் ஜெட்டியில இருந்து ஆபீசுக்கு நடந்து போனவராம், சப்பாத்தில சேறு படேல்ல எண்டு ஊருக்குக் காயிதம் எழுதினவர். அந்தக் காயிதம் இன்னும் எங்கட வீட்டை கிடக்கு. நாங்கள் அதைப் பெருமையா வாசிக்கிறனாங்கள். சேறு ஏன் படேல்ல எண்டு இவ்வளவு காலமும் ஒருத்தரும் யோசிக்கேல்ல. உம்மட தம்பி சொன்ன பிறகுதான், அந்த ரோட்டைப் போட்டது ஆர் எண்டு எனக்கு விளங்கினது. நான் நன்றி சொல்ல வந்தனான்."

அவர் காப்பியைக் குடித்து முடித்துவிட்டு, "தாய்மாமன் இல்லாத கலியாணத்துக்கு எங்கட பிள்ளையைத் தர மாட்டம்" என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆனால் சும்மா சொல்லவில்லை.

அவர் போன பிறகு அருணனுக்குப் போன் செய்தேன். "அம்மா, மாமா வரட்டும்னுதானே நான் ஒரு மாசமா சொல்றேன். பிரஷாந்திக்கு மொதல் நாளே தெரியும் லா. அவதான் தாத்தாவ அந்தக் கூட்டத்துக்கே ஏத்தி அனுப்பினா" என்றான். என்னிடம் யாரும் எதையும் சொல்வதில்லை. நாம் வளர்த்த பிள்ளை அப்படி.

சுப்பையாவுக்கும் சொல்லிவிட்டேன். வருத்தப்படுவான் என்று பயந்தேன். "அப்பாடா, எனக்குத் தலைப்பா கட்ட வராதுக்கா, ரெண்டு வாரமா யூடியூப் பாத்துக்கிட்டிருக்கேன்" என்கிறான். அழைப்பிதழை மறுபடி அடிக்கக் கொடுத்தாகிவிட்டது.

செப்டம்பர் ஏழாம் தேதி காலையிலேயே வந்துவிடு. குமுதாவை முந்தின வாரமே அனுப்பு, எனக்குப் பலகாரம் சுட ஆள் வேண்டும்.

அக்கா


ஆயர் ஈத்தாம்
29 ஆகஸ்ட் 2024

அக்கா,

கந்தப்பு ஐயா சொன்னதைக் குமுதாவிடம் வாசித்துக் காட்டத் தொடங்கினேன். பாதியில் என்னால் முடியவில்லை. மீதியை அவள் வாசித்தாள். நாளைக்கே உங்களிடம் வருகிறாள்.

பதினோரு புத்தகம் போட்டு நான் வாங்காத பாராட்டை, சீனி இல்லாத காப்பியோடு அவர் உங்களிடம் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். அது சேர வேண்டிய இடத்தில்தான் சேர்ந்தது என்று நினைக்கிறேன். அவருக்கு நன்றி. பிரஷாந்திக்கு நன்றி. உங்களுக்கு எப்படிச் சொல்வது என்று இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

ஒரே ஒரு கேள்வி. இந்த முறை கேட்டுவிட்டே செய்கிறேன். தலைப்பாகையை எப்படிக் கட்டட்டும்? வழக்கம்போலப் புருவம் வரையா, மேலே தூக்கியா? இது என் புத்தகத்து விஷயம் இல்லை. மூத்தவர் நீங்கள். நீங்கள் சொல்கிறபடி கட்டுகிறேன்.

லோகு


பாகான் லுவார்
3 செப்டம்பர் 2024

லோகு,

குமுதா வந்து சேர்ந்துவிட்டாள். முறுக்கில் உப்பு அதிகம் என்று எங்கள் இருவருக்கும் சண்டை, வீடு களைகட்டிவிட்டது. போனிலேயே சொல்லியிருக்கலாம், முடக்கியதை எப்படி எடுப்பது என்று எனக்குத் தெரியவில்லை. அருணனிடம் கேட்டால் சிரிப்பான். அதனால் இதுவும் தபாலில்தான் வருகிறது.

நீ கேட்டதை நான் தனியாக முடிவு செய்யவில்லை. பிரஷாந்தியின் அம்மா ஞாயிற்றுக்கிழமை வந்திருந்தார். மாப்பிள்ளையை வாசலில் வரவேற்று ஆரத்தி எடுத்துச் சந்தனப் பொட்டு வைப்பது அவர்கள் வழக்கம். "பொட்டு எங்கை வைக்கிறது?" என்று கேட்டார். என் கல்யாணத்தில் உன் அத்தானுக்கு, இரண்டு புருவத்துக்கும் நடுவில், துணி ஓரத்தில் மிளகு அளவுக்கு ஒன்று வைத்தார்கள். அதை நினைத்தேன். பிறகு அருணனின் நெற்றியைப் பார்த்தேன். அகலமான நெற்றி, அப்பா நெற்றி. அப்பாவின் கல்யாணப் படத்தில் அந்த நெற்றி தெரியவே தெரியாது. மேலே தூக்கிக் கட்டு. அந்த அம்மா பெரிய பொட்டாகவே வைக்கட்டும்.

இனி உன் புத்தகம். நாலாம் அத்தியாயத்தை எடுத்தாயானால் நான் உன்னோடு மறுபடி பேச மாட்டேன். அப்பா படம் உனக்கு வேண்டுமென்றால் அலமாரியில் இருக்கிறது, வந்து எடுத்துக்கொள். கீழே அவர் பெயரைப் போடு, யாருக்குப் பயந்து என்றெல்லாம் எழுதாதே.

நன்றிப் பக்கத்தில் என் பெயரைப் போடுகிறேன் என்றாய். அங்கே எனக்கு வேண்டாம். அந்தப் பக்கத்தை யாரும் படிப்பதில்லை, நானே படிக்க மாட்டேன். அலோர் ஸ்டார்க்காரர்கள் தட்டைத் திருப்பியதை எழுது. சேலையை வாங்கிக்கொண்டு போனதையும் எழுது. அவர்கள் பெயர் வேண்டாம், அவர்களுக்கும் பேரன் பேத்தி இருப்பார்கள்.

ஆனால் என்னை "ஒரு பெண்" என்று எழுதிவிடாதே. வடிவம்மாள் என்று எழுது.

அக்கா